அசைவு போதாது

முதல் முறை நின்றது
ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று நாற்பதுக்கு.
சீனக்குடா மா ஆலையின் பாரத்தட்டில்
கந்தளாய் லொறி ஏறி நின்ற நேரம்.
எடையை எழுதினேன்.
நேரத்தை எழுதக் கையைத் திருப்பினேன்.
ஊசி அசையவில்லை.
தட்டினேன், ஓடியது.
தட்டியது ஆறரை இலட்சத்தை என்று
பிறகுதான் உறைத்தது.

தவநேசம் அக்காவின் சீட்டு இரண்டு,
மேலதிகமாக ஒரு சங்கிலி.
"உந்தக் காசுக்கு ஒரு ஓட்டோ வாங்கி விட்டிருக்கலாம்"
என்றான் சகாயநாதன்.
ஓட்டோ எனக்கு வேண்டாம்.
முதுகுக் கண்ணாடி வழியே
சுழன்று தெரியும் அந்தப் பிறைத் தகடு வேண்டும்.
பற்றரி இல்லை.
என் கை ஆட ஆட இறுகும் வில்.
நாற்பத்தொரு வயதில் ஒருத்திக்கு
காரணம் சொல்லத் தேவையில்லாத ஆசை
ஒன்றாவது இருக்கட்டுமே.

இரவு மெயில். விடியக் கோட்டை.
கொள்ளுப்பிட்டியில் கடை திறக்கும்வரை
ஒரு பிளேன்ரீ.
திலினி என்ற பெண், வெள்ளைக் கையுறை,
மணிக்கூட்டை வெல்வெற் தட்டில் வைத்துவிட்டு
கையுறை இல்லாத என் கையைப் பார்த்தாள்.
ஐந்து வாரம்.
எண்ணெய் மாற்றப்பட்டது, நன்றாக ஓடுகிறது
என்று ஒரு கடதாசி.

ஒன்பதாம் நாள் மறுபடி நின்றது.

இரண்டாம் பயணத்துக்கு முன்
பஸ் நிலையத்தில் பையைத் திறந்து வைத்தேன்.
பின்னால் வந்த மான் ஒன்று
பற்றுச்சீட்டின் மூலையைத் தின்றுவிட்டது,
திகதி இருந்த மூலையை.
"மானா?" என்றாள் திலினி.
"மான்தான். எங்கட ஊரில்
பஸ்ஸுக்கு நாங்களும் மான்களும் சேர்ந்துதான் நிற்கிறது."
உள்ளே போய் யாரிடமோ சொன்னாள்.
கதவுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

சுழற்றும் பெட்டியில் பதினான்கு நாள் வைத்தார்களாம்.
பிழை எதுவும் இல்லையாம்.

மூன்றாம் முறை வந்த கடதாசியில்
ஒற்றை வரி:
அணிபவரின் கை அசைவு போதாது.

றெயிலில் அதை நாலு தரம் வாசித்தேன்.
ஒரு நாளைக்கு அறுபது லொறி.
ஒவ்வொன்றுக்கும் யன்னலால் கை நீட்டித் துண்டு வாங்கி,
முத்திரை குத்தி, திருப்பி நீட்டுகிற கை.
விடிய நாலரைக்குத் தேங்காய் துருவுகிற கை.
உவர்மலை ஏற்றத்தில் சைக்கிள் தள்ளுகிற கை.
அம்மாவைக் கட்டிலில் புரட்டிப் படுக்க வைக்கிற கை.
எந்தப் பெட்டியில் போட்டுச் சுழற்றி
இதை அளந்தார்கள்?

என் தட்டில் இருபது கிலோ பிசகினால்
சம்பளத்தில் வெட்டுவார்கள்.
எழுதி வைப்பது எனக்குப் பழக்கம்.
பழைய எடைக் கொப்பி ஒன்றை எடுத்தேன்.
திகதி. நின்ற நேரம்.
அதற்கு முன் எத்தனை லொறி.
எந்தப் பக்கம் கை நீட்டியது.
நாற்பத்தேழு நாள்.

நாலாம் முறை
மணிக்கூட்டைத் தட்டில் வைக்கவில்லை.
கொப்பியை வைத்தேன்.
திருத்துகிறவரைக் கூப்பிடுங்கள் என்றேன்.
பளீல் வந்தார், ஒரு கண்ணில் உருப்பெருக்கி மாட்டியபடி.
நின்றுகொண்டே முழுக்க வாசித்தார்.
இருபத்தெட்டாம் பக்கத்தில் விரலை வைத்து
"கை நீட்டேக்கதான்" என்றார், தனக்குள்.
என் கண்முன்னே முதுகைத் திறந்தார்.

பிறைத் தகட்டின் திருகாணி
முக்கால் சுற்றுத் தளர்ந்திருந்தது.
"முதல் வருத்தம் எண்ணெய், மிஸ்.
பிறகு வந்ததெல்லாம் நாங்கள் தந்தது."
திலினி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ரசீதில் எழுதியிருந்தது: கட்டணம் இல்லை.
மன்னிப்புக்கு அதில் கட்டம் இல்லை.

இப்போது ஏழு மாதம்.
ஒரு நாளைக்கு நாலு விநாடி முந்துகிறது,
அவ்வளவுதான். வெளிச்சத்தில் பிறை சுழல்கிறது.
ஆனாலும் இரவு ஒன்பது மணிச் செய்திக்கு முன்
வானொலியின் ஆறு கூவலுக்கும்
மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறேன்.
பார்த்து எழுதுகிறேன்: சரி. சரி. சரி.

கொப்பி முடிந்துவிட்டது.
நேற்று வேலை முடிந்து வரும்போது
புதிது ஒன்று வாங்கினேன்,
எண்பது பக்கம்.