கடன் கொப்பி

முதல் நாள் மரியசீலன் கேட்டார்,
"பாண் வேணுங்களா?"
எனக்கு அந்தப் பழக்கமில்லை என்றேன்.
வெற்றிலையைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.
கடைக்குள் நின்ற மூவரும் சிரித்தார்கள்.
லைன்மேன் விமலசூரிய மட்டும்
சிங்களத்தில் ஒருதடவை சொல்லக் கேட்டுவிட்டு
தாமதமாக, தனியாகச் சிரித்தார்.
மூன்று சுழி போட்டால் ரொட்டி.
இரண்டு சுழி போட்டால் எச்சில்.
கோயம்புத்தூரில் யாரும் சொல்லித் தரவில்லை.

தேயிலையிலிருந்து காம்பைப் பிரிக்கும் எந்திரத்துக்குக்
கண் பொருத்த வந்தவன் நான்.
ஆறு வாரம் என்றார்கள்.
ஈரத்தில் கண் திரும்பத் திரும்ப அவிந்தது.
கம்பெனி பணம் அனுப்பச் சுணங்கிய மாதம்
என்னையும் கொப்பியில் ஏற்றினார்.

அதில் எவருக்கும் பெயர் கிடையாது.
'தண்டவாளம்' என்றால் ரயில் கேட் ஜெபநேசன்.
'கறுப்பு நாய்' கணக்கு டீச்சர்;
நாய் செத்து இரண்டு வருசமாம்.
எனக்கு 'இந்தியா'.
அவ்வளவு பெரிய நாடு
ஒரு றாத்தல் பாண், கால் கிலோ பருப்பு,
ஒரு சவர்க்காரம் பாக்கி வைத்திருந்தது.

அப்புத்தளையில் மூட்டம்
தெற்கே ஏறி, கடைத்தெருவைக் குறுக்கே கடந்து
வடக்கே இறங்கிப் போகும்.
போகிற வழியில் கடைக்குள்ளும் வரும்.
மை ஊறிவிடுமென்று
மரியசீலன் கொப்பியை மூடி
மேலே கையை வைத்துக்கொள்வார்.
அதுவரை எல்லோரும் காத்திருப்போம்.

அப்படியொரு காத்திருப்பில்தான்
'ரெட்டை' புவனலோஜினி,
"ஒன்ன கொஞ்சம் புடிங்கண்ணே" என்று
கேட்காமலே கையில் திணித்தாள்.
இரண்டில் எது என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.
அதற்கு என்னைத் தெரிகிறது.
பேனாவைப் பிடுங்க நேரே சட்டைப்பைக்கு வருகிறது.

போன வாரம் சூரத்திலிருந்து ஒரு பையன்,
பொய்லர் வேலைக்கு.
மூக்கு ஒழுக, மெல்லிய சட்டையோடு நின்று
பாணுக்கு விரலை நீட்டினான்.
விமலசூரிய அவனுக்கு ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

இன்று பார்க்கிறேன்,
என் பக்கத்தின் தலைப்பில்
பழைய எழுத்துக்கு முன்னால் இடுக்கி,
வேறு மையில், 'பழைய'.

பழைய இந்தியா, ஒரு றாத்தல்
என்று எழுதிக்கொண்டே
நிமிராமல் கேட்டார்,
"மெஷின் சரியாயிருச்சுங்களா?"

இல்லை என்றேன்.
சரியாகி நாலு நாள் ஆகியிருந்தது.