ஏழு கிலோ நூறு

கொக்கித் தராசில் கால்சட்டையோடு தொங்குகிறான்
கிரித்திஷ், வயது ஒன்றரை.
அழவில்லை.
அழாத பிள்ளையைத்தான் எனக்குப் பயம்.
முள் ஏழைத் தொட்டுக் கொஞ்சம் நடுங்கி
நூறு கிராம் தள்ளி நின்றது.
போன மாதமும் அதுதான்.
அதற்கு முந்தைய மாதம் நூறு கூடுதல்.

புஜத்தில் நாடாவைச் சுற்றினேன்: சிவப்பு.
நாடாவே வேண்டாம்,
என் கட்டைவிரலும் ஆள்காட்டியும்
வளைந்து முட்டிக்கொண்டால் போதும்.

அங்கன்வாடிக்கு எதிரே கொள்முதல் நிலையம்.
குறுவை நெல் எட்டு நாளாய் வரிசையில் கிடக்கிறது.
மூட்டைக்கு நாற்பது கிலோ,
ஒரு கிராம் குறைந்தாலும் சண்டை.
தார்ப்பாய்க்குக் கீழே முளைவிட்டுவிட்டது,
வெள்ளை வெள்ளையாய், பால்பல் மாதிரி.
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
ஆறு வந்து தீர்ந்துபோகிற கடைமடையில்
எங்களுக்கு எல்லாமே எடைதான்.

சத்துமாவு கொடுத்தேனே சினேகா?
"கொடுத்தீங்கக்கா.
நாலு பேரும் ரெண்டு ராத்திரி சாப்பிட்டோம்."
அவள் சொல்லும்போது வெட்கப்படவில்லை.
வெட்கப்பட்டது நான்,
பொட்டலத்தின் மேல் ஒரே ஒரு குழந்தைப் படம் போட்டிருப்பதை
அப்போதுதான் கவனித்ததால்.

மேற்பார்வையாளர் போனில் சொன்னார்:
எட்டுன்னு போடுங்கம்மா,
நம்ம வட்டாரம் மட்டும் சிவப்பாத் தெரியுது.
சிக்னலுக்காக மதகு மேல் ஏறி நின்றிருந்தேன்.
தண்ணீர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றேன்.
கேட்டது.

டாக்டர் சொன்னது வேறு:
சோறு ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறான்,
பசியே செத்துப்போச்சு,
பதினாலு நாள் பெட்டில் சேருங்கள்.
சினேகா விரலை மடக்கிப் பார்த்தாள்.
"நடவே பதினாலு நாள்தானேக்கா."
புருஷன் திருப்பூரில். பனியன் கம்பெனியில்
பாதிச் சம்பளமாம், பாதி வாக்குறுதியாம்.

அதற்குமேல் நான் செய்தது ஒன்றுமில்லை.
நடவுக் கும்பல் கரையேறி
வரப்பில் கால் கழுவுகிற நேரம் பார்த்துப் போய்
பாக்கியவதியிடம் நாடாவைக் காட்டினேன்.
மா கணக்கில் பேசிய குத்தகை நடவு,
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பங்கு.
நாடாவைத் தன் மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தாள்,
சிவப்புக்குள் அவள் மணிக்கட்டு அடங்கவே இல்லை.
ரொம்ப நேரம் கழற்றாமல் வைத்திருந்தாள்.
பிறகு சொன்னாள்:
பதினோரு பேர் நடுவோம்.
பன்னிரண்டாப் பிரிப்போம்.

ஒருத்தி முணுமுணுத்தாள்.
பெயர் வேண்டாம். அவளுக்கும் கடன்,
அவள் பெண்ணும் மஞ்சளில் இருக்கிறாள்.
மறுநாள் அவள்தான் முதலில் நாற்றங்காலில் இறங்கினாள்,
யாரிடமும் பேசாமல்.

பதினாலு நாளும் மழை.
பதினோரு முதுகுகள் பன்னிரண்டு முதுகளவு குனிந்தன.
முளைத்த மூட்டைகளை லாரியில் ஏற்றினார்கள்,
எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.
ஆஸ்பத்திரிக்குப் போன ஞாயிறன்று
சினேகா கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தாள்.
அவளுக்குக் கொடுத்த முட்டையைச்
சேலை முனையில் முடிந்து வைத்திருந்தாள், வீட்டில் பெரியவளுக்கு.
அவள் எடையை எழுத
யாரும் பதிவேடு கொடுக்கவில்லை எனக்கு.

இன்று திரும்ப வந்தார்கள்.
தராசில் ஏழு கிலோ அறுநூறு.
எட்டு இல்லை.
நாடா சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுக்கோட்டில்,
எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதபடி.
கண்ணாடியை எடுத்துப் போட்டுக் குனிந்தேன்.
அதற்குள் என் கையிலிருந்து பிடுங்கி
வாயில் வைத்துக் கடித்தான்,
வாங்கப்போனால் வீறிட்டு அழுதான்.
செபஸ்தி ஆயா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

எடைக்குக் கட்டம் இருக்கிறது, உயரத்துக்கு இருக்கிறது,
தடுப்பூசிக்கு, ஆதாருக்கு.
இதற்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
பசிக்கிறது.