இரண்டு கடைகள்

மாதம் ஒருமுறை
கட்டணமில்லாப் பேருந்தில் காளவாசல் போய்
அந்த அட்டையை வாங்கி வருவேன்.
கேட்காமலே செய்தித்தாளில் மடித்து
கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள்.
காளவாசலில் என்னை யாருக்கும் தெரியாது.
அதற்காகத்தான் அவ்வளவு தூரம்.

தலைவலிக்கு அலைய வேண்டியதில்லை.
சிம்மக்கல்லில் எங்கள் அச்சகத்துக்கு எதிரிலேயே கடை.
"அண்ணே, தலவலி" என்றால் போதும்,
கத்தரியால் நாலு வெட்டி நீட்டுவார்.
தலைவலிக்குக் கறுப்புப் பை கிடையாது.

நான் அழைப்பிதழ் அடிக்கிறவள்.
காதணி விழா, புதுமனை புகுவிழா,
பூப்புனித நீராட்டு விழா.
ஒரு பெண் பெரிய மனுஷி ஆனதை
பத்தடி ஃப்ளெக்ஸில் ஊருக்கே சொல்வோம்.
தாய்மாமன்கள் வரிசையாய்க் கைகூப்ப
தங்க எழுத்துக்கு நிழல் கொடுப்பது நான்தான்.
அதற்குப் பிறகு அந்த உடம்புக்கு நடப்பதெல்லாம்
கறுப்புப் பை.

வைகாசி முகூர்த்த நெரிசலில் ஒரு மதியம்
திரையில் 'திருநிறைச்செல்வி' பாதியில் நின்றது.
'செல்வி' இருந்த இடத்தில் ஓட்டை.
ஓட்டையைச் சுற்றி
வெல்டிங் பட்டறை வெளிச்சம்,
ரம்பப் பல் மாதிரி நெளிந்து நெளிந்து.
மானிட்டர் போச்சு என்று முதலாளியிடம் சொன்னேன்.
கண்ணை மூடினேன்.
மூடிய கண்ணுக்குள்ளும் அதே மானிட்டர்.
இருபது நிமிடம் கழித்துத்தான் வலி வந்தது,
காகிதக் கட்டின் மேல் கட்டிங் மெஷின்
இறங்குகிற மாதிரி, இடது பக்கம் மட்டும்.

அன்று எதிர்க் கடையில் அண்ணன் இல்லை.
வெள்ளைக் கோட்டில் ஜெசிந்தா என்று பெயர் குத்தியவள்
கத்தரியை எடுக்கவில்லை.
"வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"
எனக்குப் பின்னால் ஆறு பேர்.
அதில் ஒருவர் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர்.
"இல்ல."

அவள் ஒரு பழைய பில்லைத் திருப்பிப் பேனாவோடு நகர்த்தினாள்,
கணக்கு சரியா பாருங்கள் என்பது போல.

எத்தனையோ பேர் கல்யாணத்தை அடித்த விரல்
ஒரு மாத்திரைப் பெயரை எழுதக் கூசியது.
எழுதினேன்.
அவள் கேட்காததையும் எழுதினேன்:
வலிக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம்.

பாரசிட்டமால் இரண்டை எடுத்து வைத்தாள்.
குரல் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டவில்லை.
"இதுக்கும் நீங்க எழுதுனதுக்கும் சண்டை இல்ல.
அந்த வெளிச்சத்துக்கும் அதுக்கும்தான் சண்டை.
அடுத்ததப் போடுறதுக்கு முன்னாடி டாக்டரப் பாருங்க."

அன்று இரவு செல்லப்பாண்டியிடம்
"இனி கொஞ்ச நாள் உன் பொறுப்பு" என்றேன்.
லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு
அவனும் காளவாசல்தான் போனான்.
அவனுக்கும் கறுப்புப் பைதான்.

மறுநாள் பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்:
"வெளிச்சம் வந்து வலிக்கிறவங்களுக்கு
இந்த வகை மாத்திரை ஆகாது.
ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போற வழிய அடைச்சிரலாம்.
எத்தன வருசமா போடுற?"
"ரெண்டு."
"யாரும் கேக்கலையா?"

யார் கேட்பது?
காளவாசல் கடையும் சிம்மக்கல் கடையும்
ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
அவை சந்தித்துக்கொண்ட ஒரே இடம்
என் மண்டை.

வேறு வழிகள் இருந்தன.
அந்த ஹார்மோன் இல்லாத மாத்திரை, காப்பர்-டி.
யோசித்து ஒன்றைச் சொன்னேன்.
எதை என்று இங்கே எழுத மாட்டேன்,
அது உங்களுக்கு எதற்கு?
புறப்படும்போது டாக்டரம்மா கூப்பிட்டார்:
"தலைவலி வராம இருக்கக் குடுக்குற மாத்திரைல சிலது
கருத்தடை மாத்திரையோட வேலையவே கெடுத்துரும்.
யார் என்ன குடுத்தாலும் எல்லாத்தையும் சொல்லி வாங்கு."

சொல்லத்தானே வாய் வராது.
மீந்த ஐவரி அட்டையில் ஒரு துண்டு வெட்டினேன்.
நான் சாப்பிடுவது, எனக்கு ஆகாதது.
தங்கம் இல்லை, கறுப்பு மை.
பதினான்கு பாயிண்ட்.
மூன்று தடவை பிழை பார்த்தேன்,
யார் கல்யாணத்துக்கும் அப்படிப் பார்த்ததில்லை.

கடையில் அதை இன்னும் குப்புறத்தான் வைக்கிறேன்.
ஜெசிந்தாதான் திருப்பிப் படிக்கிறாள்.