முதலில் பதிந்தவர் முதலில்

எங்கள் பள்ளியில் பாகுபாடு கிடையாது.
தேர்வு இல்லை, நேர்காணல் இல்லை,
அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டதே இல்லை.
முதலில் பதிந்தவர் முதலில்.
பதினாறு வருடமாக அந்தப் பட்டியல் என் கையில்.

லின்ஷோப்பிங்கில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
சேறு படிந்த காலணியை வாசலில் விட்டு
காலுறையோடு வந்து நின்றாள் லெதெபிரஹான்.
நான்காய் மடித்த நகராட்சிக் கடிதத்தை
என் மேசைமேல் நீவி நீவி விரித்தாள்.
பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனாலும்
அவன் படிப்புக்கான அரசுப் பணம்
கூடவே போகும் என்றது கடிதம்.
"பணம் வரலாமாம்.
பையன் வரலாமா?"

அறுபது இடம்.
அவன் நானூற்றுப் பதினெட்டு.
நம்பட்டும் என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.
ஃபில்மோனுக்குப் பதினோரு வயது.
முதல் பெயரில் விரல் வைத்தான்.
பதிவு: மார்ச் ஒன்பது, காலை ஐந்து நாற்பது.
பிறந்தது: மார்ச் ஒன்பது, அதே வருடம்.
தொப்புள்கொடி அறுத்த ஈரம் காயுமுன்
யாரோ கைப்பேசியைத் தேடியிருக்கிறார்கள்.

"அன்றைக்கு எனக்கு மூன்று வாரம்" என்றான்,
கோபம் இல்லை, கணக்குப் போடுகிற குரல்.
"கெரனில் இருந்தேன்.
எங்கே வந்து நின்றிருக்க வேண்டும் நான்?"

காப்பி இயந்திரம் உறுமி ஓய்ந்தது.
விதியைச் சொன்னேன்.
விதியை மட்டும் சொன்னேன்.

அன்றிரவு ஒரு பக்கம் எழுதினேன் தலைமையாசிரியருக்கு:
பாதி இடத்தையாவது குலுக்கிப் போடுவோம்.
குலுக்கலுக்குப் பிறந்த ஊர் தெரியாது.
பதில் வந்தது:
பதினோரு வருடம் காத்திருந்தவர்களுக்கு
என்ன சொல்வது?
அதுவும் பொய்யில்லை.
காத்திருந்தார்கள்தான்,
தோட்டம் வைத்த வீடுகளில்.
இளவேனிலில் பேசலாம் என்று முடிந்தது கடிதம்.

என் தங்கை மகளுக்கும்
பிரசவ அறைக்கு வெளியிலிருந்து
நான்தான் பதிந்தேன்.
இதை அந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

இன்று காலை ஒரு மின்னஞ்சல்.
ஆண் குழந்தை, மூன்று கிலோ நானூறு.
பெயர் இன்னும் முடிவாகவில்லை.
பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டு
எண்ணை மட்டும் அடித்தேன்:
ஒன்று.