இடது வாளி, வலது வாளி

நெடுஞ்சாலைக்கும் வாத்துகள் நீந்தும் கால்வாய்க்கும் நடுவே
எங்கள் தகனக்கூடம்.
ஒன்பதரைக்கு முதல் ஆள்.
உலை தொள்ளாயிரம் டிகிரியைத் தொட்டதும்
வீபெ காபி போடப் போய்விடுவான்.

ஆறிய பிறகுதான் என் வேலை.
சாம்பலைத் தட்டில் பரப்புவேன்.
பெட்டியின் ஆணிகளைக் காந்தம் பொறுக்கிக்கொள்ளும்.
காந்தம் சீந்தாதவை என் பங்கு.
இடது வாளி டைட்டானியத்துக்கு,
வலது, கோபால்ட்டுக்கு.

புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்,
எப்படித் தெரியும் ஆல்த்யே?
கோபால்ட்டைக் காந்தம் இழுக்குமே, பள்ளியில் படித்தோமே.
தனியாக இருந்தால் இழுக்கும்.
இங்கே வருவது குரோமியத்தோடு உருகிக் கலந்தது,
பழைய பழக்கம் விட்டுப்போனது.
ஆகவே காந்தம் உதவாது.
கைதான் சொல்லும்.
ஒரே அளவில் இரண்டு துண்டுகள் கொடுங்கள்,
கண்ணை மூடிக்கொள்கிறேன்.
உள்ளங்கை சட்டென்று தாழ்ந்தால் கோபால்ட்.
எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் இருந்தால்
டைட்டானியம்.

கண்ணைத் திறந்தாலும் தெரியும்.
தீயில் டைட்டானியத்தின் தோல் நிறம் மாறியிருக்கும்,
வைக்கோல் மஞ்சள், கத்தரிப்பூ,
சில இடங்களில் புறாக்கழுத்து.
உருகியிருக்காது.
அதை உருக்க எங்கள் உலையைப்போல்
இன்னும் முக்கால் பங்கு சூடு வேண்டும்.

ஓர் இடுப்பு மூட்டில் இரண்டும் இருக்கும்.
தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு டைட்டானியம்:
எலும்பு அதை அந்நியமாக நினைப்பதில்லை,
ஒட்டி வளர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.
ஆனால் உரசல் தாங்காது. தேய்த்தால் கீறிக்கொள்ளும்,
கருப்பாகப் பொடி உதிர்க்கும்.
அதனால் மேலே சுழலும் உருண்டைக்குக் கோபால்ட்.
ஆண்டுக்குப் பத்து லட்சம் அடி நடந்தாலும்
முகம் பார்க்கலாம் அதில்.
எப்போதாவது அதுவும் தேயும்.
தேய்ந்தது ரத்தத்தில் ஏறும்.
துளியினும் துளி கோபால்ட் இல்லாவிட்டால்
ரத்தம் ஊறாதாம், கூடினால்
இதயம் தளருமாம்.
இதைச் சொன்ன மருத்துவர்
என் மணிக்கட்டில் தகடு வைத்தவர்.
பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன்.
ஒரு தகடு, ஆறு திருகுகள்,
எல்லாம் இடது வாளி.

போன வியாழக்கிழமை ஃபோக்யே என்றொரு அம்மாள்.
தொண்ணூற்றொரு வயது.
இசை வேண்டாம் என்று மகன்
உறைந்த கால்வாயில் சறுக்குக்காலணி கீறும் சத்தத்தை
ஏழு நிமிடம் ஓடவிட்டார்.
யாரும் இருமவில்லை.

அந்த அம்மாளின் தண்டும் உருண்டையும்
பிரியாமல் கிடைத்தன.
கூம்புக்குள் கூம்பு. திருகில்லை, பசையில்லை.
இருபத்திரண்டு வருடம் அவர் நின்றும் நடந்தும்
தம் எடையாலேயே இறுக்கியது.
வீபெ சுத்தியல் எடுத்தான்.
மூன்று தட்டு.
நான்காவதற்கு ஓங்கி, வைத்துவிட்டான்.

எந்த வாளி?
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

இங்கிருந்து போனால் இரண்டும் உலையேறும்.
கோபால்ட் விமான எஞ்சினின் வெப்பத்துக்குள் சுழலப் போகும்.
டைட்டானியம் ஒருவேளை அதே விமானத்தின் உடம்பாகும்.
அதுவரை நான் பார்ப்பது அவற்றின் உறவுக்காரர்களை:
ஜன்னல் சட்டத்தில் அடித்த வெள்ளையும் பற்பசையும்
டைட்டானியத்தின் வழி.
காபி இயந்திரத்துக்குப் பின்னால்
மூலை உடைந்த ஓட்டில் ஒரு காற்றாலை,
அந்த நீலம் கோபால்ட்.
வீபெ தினமும் அதன்மேல் காபி தெளிப்பான்.

மாதக்கடைசியில் கெர்பென் லாரியோடு வந்தான்.
இரண்டு வாளியும் கழுத்துவரை.
இடதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனவன்
வலதுக்கு வந்து குனிந்து, திட்டி,
தள்ளுவண்டி கேட்டான்.
“ரெண்டும் ஒரே வாளிதானே?”

ஒரே வாளிதான் என்றேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
மேசைமேல் துணியில் சுற்றியிருந்ததைக் காட்டி
இது, என்றான்.

அடுத்த மாதம், என்றேன்.