மேகம் என்று எழுதினேன்

காவலூரில் மார்கழி. இரவு ஒன்பதரை.
குவிமாடம் வாய் திறக்கையில்
சங்கிலி முனகும்.
பெங்களூரிலிருந்து வந்தவர் சீட்டை நீட்டினார்:
மையா. இரண்டு மணி நேரம். ஒரே தகடு.

அறுமீன் கூட்டத்தில் ஒருத்தி.
நாம் ஆறு என்கிறோம்,
கிரேக்கர்கள் ஏழு என்றார்களாம்.
அக்காள்காரி இவள்தான்.
தேவர்கள் விருந்துக்குப் போகமாட்டாள்,
குகையை விட்டு இறங்கமாட்டாள்.
எல்லோரும் உறங்கிய பின்
இடிக்குச் சொந்தக்காரன் ஒருவன் வந்து போனான்.
பிறந்த பிள்ளை
தொப்புள்கொடி காயும் முன்னே
மாடு திருடினானாம்.
பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றியபடி சொன்னார்.
நான் தகட்டைப் பொருத்திக்கொண்டிருந்தேன்.

அரைமணி போயிருக்கும்.
கீழே சாமைக்காட்டுக்கு அப்பால்
பாறை இடுக்கில் தீ.
"வெளிச்சம். போய் அணைக்கச் சொல்."

அது சடைச்சியின் தீ.
ஆலங்காயம் சந்தைக்கு வராதவள்.
கன்னிமார் பொங்கலன்று
ஊரே ஏழு கல்லைச் சுற்றி நிற்க
எட்டாவது கல்லாய்த் தள்ளி நிற்பவள்.
பிள்ளைக்கு அப்பன் யாரென்று
ஊர்க்கூட்டம் கேட்டபோது வாய் திறக்கவில்லை.
அபராதத்தைக் கட்டிவிட்டுப்
பாறைக்குக் குடிபோனாள்.

தீக்கு எதிரே, மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள்.
சாமி மாதிரி என்று எழுதக் கை வருகிறது.
இல்லை.
கால் வெடிப்பில் வேப்பெண்ணெய் மினுங்கியது;
மூக்கைச் சிந்திப் பாறையில் துடைத்தாள்.

"நட்சத்திரம் சரியா தெரியலையாம்"
என்றேன், எனக்கே வெட்கமாக இருந்தது.
"பையனுக்குப் பல்லு முளைக்குது.
இருட்டுன்னா கத்துவான்.
உங்க நட்சத்திரம் ஓடியா போவுது?"

ஓடும்தான்.
அதைத் துரத்தத்தான் எங்களுக்கு மோட்டார்.
சொல்லவில்லை.
பிள்ளை தவழ்ந்து வந்து
என் முழங்காலைப் பிடித்து எழுந்தது,
சட்டைப்பையை முகர்ந்தது, சிரித்தது.

பாதி மேடு ஏறிய பிறகுதான்
டார்ச் இல்லை என்று தெரிந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
தீக்குப் பின்னால், பாறைக்குள்,
நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளின் நிறத்தில்
ஒரு புள்ளி மினுக்கியது, அணைந்தது, மினுக்கியது.

பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும்.
வானமோ கழுவிக் கவிழ்த்த கும்பா.
மேகம் என்று எழுதினேன்.
அவர் படித்தார்.
ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.

மறுநாள் தகட்டைக் கழுவினோம்.
ஒரு மூலை கறுத்துப்போயிருந்தது.
நடுவில் அவள்,
அவளைச் சுற்றிப் புகை.
"தூசு" என்றார். "அவளை விட்டுப் போகாது,
எப்போதும் இருப்பதுதான்."

தலையாட்டினேன்.
அந்த மாதம் முழுக்க
குவிமாடப் படிகளை
இருட்டில் தடவித் தடவித்தான் ஏறினேன்.