எட்டு நாற்காலி

கூடுதல் கணிதம், ஐந்தாம் படிவம்,
நாலாம் பாடத்தில் ஒன்பதாம் கேள்வி:
எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி அமர்கிறார்கள்.
அவர்களில் இருவர் அடுத்தடுத்து உட்காரக் கூடாது.
எத்தனை விதம்?

ஏன் கூடாது என்று கேள்வியில் இல்லை.
அதற்கு மதிப்பெண்ணும் இல்லை.

"முதல் ஆளை எங்காவது உட்கார வை"
என்பார் சிக்கு நோராய்னி.
வட்டத்துக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது.
மிச்சம் ஏழு பேர்.
ஏழு போட்டுப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.
ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, வெறும் பெருக்கல்:
ஐயாயிரத்து நாற்பது.

இனிதான் வேடிக்கை.
சேரக் கூடாத இருவரையும்
ஒரே மூட்டையாகக் கட்டச் சொல்கிறார்.
மூட்டைக்குள் இடம் வலம் மாறலாம், ஆகவே இரண்டால் பெருக்கு.
ஆயிரத்து நானூற்று நாற்பது.
அதைக் கழி.
பிரித்து வைக்கும் வழியை எண்ண
முதலில் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.
விடை: மூவாயிரத்து அறுநூறு.

செந்தூல் அடுக்குமாடியில், பதினாலாம் மாடியில்,
துணி காயும் கம்பிகளுக்குக் கீழே
இந்த விடைக்கு அடியில் இரட்டைக்கோடு போட்டபோது
யுகேந்திரன் அண்ணன் வந்து நின்றான்.
"சனிக்கிழமை செகாம்புட் சீனக்கடையில சாப்பாடு.
ஒரே மேசைதான் சொல்லியிருக்கேன்.
அப்பாவும் வர்றாரு.
தள்ளி வை. மத்தத நீ பார்த்துக்க."

மத்தது:
அண்ணனும் லோஷினி அண்ணியும் ஒட்டித்தான் உட்காருவார்கள்.
அண்ணியின் அப்பாவுக்கு இடது காது மந்தம்,
அந்தப் பக்கம் அவர் மனைவி இருந்தால்
இருவருக்கும் நிம்மதி.
வசந்தாமணி அத்தைக்கு முட்டிவலி, வாசல் பக்கம்.
ஒவ்வொரு நிபந்தனைக்கும்
மூவாயிரத்து அறுநூறு கரைந்தது,
மழையில் விட்ட உப்பு மாதிரி.
கடைசியில் ஒரே ஒரு படம்தான் எனக்குப் பிடித்தது.
அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில்
இந்தப் பக்கம் மூன்று பேர்,
அந்தப் பக்கம் மூன்று பேர்.
இதைவிடத் தள்ளி வைக்க எட்டு நாற்காலியில் இடமில்லை.

எனக்கு நானே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி,
இறங்கி இன்னொரு வண்டி பிடித்து
பாத்திக் சட்டையில் வந்தார் அப்பா.
மூன்று வருடத்தில் மீசைக்கு மட்டும் மை.
உட்கார்ந்தார். நிமிர்ந்தார்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வட்டத்தில் மிகவும் தள்ளி என்றால்
நேர் எதிர்.

பக்கத்தில் இருந்திருந்தால்
ஆளுக்கொரு திசை பார்த்திருக்கலாம்.
இப்போது தலையைத் தூக்கினால் அவர்.
தலையைத் தூக்கினால் அவள்.
அம்மா நிலக்கடலையை ஒவ்வொன்றாக
எண்ணுகிற மாதிரி தின்றாள்.
நான் மேசைவிரிப்பின் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவியில் வெந்த சியாக்காப் வந்தது.
மீன்தலை அண்ணியின் அப்பாவைப் பார்த்து.
அவர் மரியாதைக்கு வாலருகே கிள்ளிக்கொண்டார்.

அப்பா இரண்டு விரலைச்
சுழலும் கண்ணாடியில் வைத்தார்.
தோஃபு நகர்ந்தது. சூப்பு நகர்ந்தது.
அத்தை நீட்டிய கரண்டி அந்தரத்தில் நின்றது.
மீன் வந்தது, வந்தது,
அம்மாவுக்கு நேராகக் கன்னம் வந்ததும்
விரலை எடுத்துவிட்டார்.

அம்மா அந்தக் கன்னச் சதையை
முள்கரண்டியால் நெம்பி எடுத்தாள்.
"இஞ்சி ஜாஸ்தி" என்றாள்.
யாரிடம் என்று தெரியவில்லை.
தெரிந்த மாதிரி அப்பா தண்ணீர் குடித்தார்.

எல்லாரும் ஒரே அளவு சுற்றினால்
அது புதிய அமர்வு அல்ல என்று பாடத்தில் உண்டு.
மனிதர்கள் நகராமல் மீன் மட்டும் சுற்றினால்
என்னவென்று எழுதவில்லை.

கடைசி ரயிலுக்கு அப்பா முதலில் எழுந்தார்.
அண்ணனுக்குக் கை கொடுத்தார், என் தலையைத் தட்டினார்,
அம்மா இருந்த திசைக்கு ஒரு தலையசைப்பு.

காரில் அத்தை என் காதருகே வந்தாள்.
"நீதான் கணக்குப் படிக்கிறவ.
ரெண்டு பேரும் ஒண்ணு சேர
எவ்வளவு சான்ஸ் இருக்கும், சொல்லு?"

முன் சீட்டில் அம்மா கைப்பையைத் திறந்து
எதையோ தேடாமல் தேடினாள்.

"நிகழ்தகவு அஞ்சாம் பாடம் அத்தை.
நாங்க இன்னும் நாலுலதான் இருக்கோம்."